கினிப்பன்றிக்கு ஏற்ற உணவு: விலையும் தரமும்

வீட்டில் செல்லப்பிராணி வளர்க்கும் வழக்கம் நம் நகரங்களில் பெருகி வருகிறது. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நாய் வளர்க்க இடமும் நேரமும் இல்லாத குடும்பங்கள், முயல், கினிப்பன்றி போன்ற சிறு பிராணிகளை நாடுகின்றன. அவை குரைப்பதில்லை, வெளியே அழைத்துச் செல்ல வேண்டியதில்லை, வாங்கும் விலையும் சில நூறு ரூபாய்களே. ஆயினும் அவற்றுக்கு எந்த உணவைத் தருவது, அதற்கு எவ்வளவு செலவாகும் என்னும் இரு கேள்விகளுக்கும் விடை தெரிந்துகொண்டு வாங்குவோர் குறைவு. நாங்களும் அவ்வாறு தெரியாமல் வாங்கியவர்களே. அந்த அறியாமைக்கு நாங்கள் கொடுத்த விலையையும், பின்னர்க் கற்றுக்கொண்டவற்றையும் வாடிக்கையாளர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பணிமாற்றலில் நாங்கள் புனே நகருக்குக் குடிபெயர்ந்த ஆண்டில், பிள்ளைகளின் வற்புறுத்தலுக்கு இணங்கி இரண்டு கினிப்பன்றிக் குட்டிகளை வாங்கினோம். ஒன்று முழுவதும் பழுப்பு. மற்றொன்று வெள்ளையும் பழுப்பும் கலந்தது. "இதுவே முழுமையான உணவு, வேறு எதுவும் தேவையில்லை" என்று கூறிக் கடைக்காரர் ஒரு பையையும் கொடுத்தார். அதில் மக்காச்சோளம், கோதுமை, சூரியகாந்தி விதை, சிவப்பும் பச்சையுமாய்ச் சாயமேற்றிய பொரித்துண்டுகள் ஆகியன கலந்திருந்தன. பார்வைக்கு அழகாகவும் விலையில் மலிவாகவும் இருந்ததால் நாங்கள் மேற்கொண்டு எதையும் ஆராயவில்லை.

நான்காம் மாதத்தில் வெள்ளையும் பழுப்பும் கலந்த குட்டி ஒரு மூலையில் ஒடுங்கத் தொடங்கியது. தூக்கினால் கீச்சிட்டது. வாயோரம் எச்சில் வழிந்து கழுத்து மயிர் ஈரமாகவே இருந்தது. உணவுத் தட்டருகே வரும். ஒரு மணியை வாயில் எடுக்கும். மெல்ல இயலாமல் கீழே போட்டுவிடும். வெயிலின் சோர்வு என்று எண்ணி இரண்டு நாள்கள் காத்திருந்தோம். மூன்றாம் நாள் கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றபோது அவர் முதலில் கேட்டது, "என்ன உணவு கொடுக்கிறீர்கள்?" என்பதுதான். கொண்டுபோயிருந்த பையைக் காட்டினோம். "இதில் புல்லும் இல்லை, வைட்டமின் சி-யும் இல்லை, இவ்விரண்டும் இல்லாமல் இந்த உயிர் வாழாது" என்றார் அவர்.

மயக்க மருந்து கொடுத்துக் கடைவாய்ப் பற்களைத் தேய்த்துச் சீர்செய்தார்கள். ஒரு வாரம் வைட்டமின் மருந்து. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஊசியில்லாத சிரிஞ்சு வழியாகக் கூழுணவு. வீட்டில் முறைவைத்துக்கொண்டு இரவிலும் விழித்திருந்து ஊட்டினோம். மொத்தச் செலவு 6,400 ரூபாய். குட்டி பிழைத்துக்கொண்டது. ஆனால் அதன் பற்கள் பழையபடி நேராகவில்லை. இன்றும் ஆண்டுக்கு இருமுறை மருத்துவரிடம் காட்டித் தேய்த்து வருகிறோம். அதே தட்டில் உண்ட மற்றொரு குட்டிக்கு ஏன் அந்த அளவு பாதிப்பு இல்லை என்று கேட்டபோது, மருத்துவர் விளக்கினார்: கலவை உணவில் ஒவ்வொரு பிராணியும் தனக்குப் பிடித்ததை மட்டும் பொறுக்கித் தின்னும். ஒன்று சூரியகாந்தி விதையையே தேடித் தின்றிருக்கிறது. மற்றொன்று பிள்ளைகள் அவ்வப்போது போட்ட கொத்தமல்லித் தழையை விரும்பித் தின்றிருக்கிறது. அந்தத் தழையே அதைக் காத்திருக்கிறது.

புல்லே அதன் முதன்மை உணவு

கினிப்பன்றி பன்றியினத்தைச் சேர்ந்ததன்று. கினி நாட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதியே அதன் தாயகம். பெரு, ஈக்வடார், பொலிவியா ஆகிய நாடுகளின் மலைவாழ் மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக இறைச்சிக்காக அதை வளர்த்து வந்திருக்கின்றனர். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் வழியாக அது ஐரோப்பாவை அடைந்து, வீட்டுப்பிராணியாயிற்று. எங்கு வளர்ந்தாலும் அதன் உடல் புல்வெளிக்கு ஏற்றதாகவே இருக்கிறது.

அதன் வாயில் உள்ள 20 பற்களும் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. புல்லை நாள் முழுவதும் பக்கவாட்டில் அரைத்து மெல்லும்போது அவை தாமே தேய்ந்து அளவில் நிற்கும். தானியத்தை உடைத்து விழுங்க அவ்வளவு மெல்ல வேண்டியதில்லை. ஆகவே பற்கள் தேயாமல் நீண்டு, கூர்மையாகி, நாவையும் கன்னத்தையும் குத்துகின்றன. வலியால் பிராணி உண்பதை நிறுத்துகிறது.

குடலின் நிலையும் அதுவே. நார்ச்சத்து இடைவிடாது சென்றுகொண்டிருந்தால்தான் அதன் குடல் இயங்கும். உணவு நின்றால் குடலும் நின்றுவிடும். வாயு நிறைந்து வயிறு உப்பும். கினிப்பன்றிக்கு வாந்தி எடுக்க இயலாது என்பதால் தவறான உணவை வெளியே தள்ளவும் வழியில்லை. அரை நாள் உண்ணாமல் இருப்பதே அதற்கு ஆபத்து.

எனவே அதன் உணவில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் புல்லாகவோ உலர்புல்லாகவோ இருத்தல் வேண்டும். இங்கே ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. உலர்புல் வேறு, வைக்கோல் வேறு. கதிர் முற்றுமுன் பசுமையாக அறுத்துக் காயவைத்தது உலர்புல். தானியத்தை அடித்தெடுத்தபின் எஞ்சிய தாள் வைக்கோல். அதில் சத்து மிகக் குறைவு. கூண்டின் அடியில் பரப்ப வைக்கோல் உதவலாம், முதன்மை உணவாகாது. சில கடைகளில் இரண்டுக்கும் ஒரே பெயர் சொல்லி விற்பதைக் கண்டிருக்கிறோம். பொன்னிறமாய், உள்ளே குழலாய், மணமின்றி இருப்பின் அது வைக்கோல் என்று அறியலாம்.

வெளிநாட்டுப் புல் கட்டாயமா?

செல்லப்பிராணிக் கடைகளில் திமோத்தி என்னும் புல் பெரிதும் பரிந்துரைக்கப்படுகிறது. அது குளிர்நாடுகளில் விளையும் நல்ல புல்தான். ஆனால் இறக்குமதியும் போக்குவரத்தும் சேர்வதால் விலை உயர்ந்துவிடுகிறது. நார்ச்சத்து மிகுந்த, கால்சியம் குறைந்த, தூய்மையான எந்தப் புல்வகையும் அதே பணியைச் செய்யும்.

நம் நாட்டில் அதற்குத் தகுந்த மாற்று, ஓட்ஸ் பயிரின் உலர்புல். வட மாநிலங்களில் குளிர்காலத் தீவனப் பயிராக ஓட்ஸ் பரவலாகப் பயிரிடப்படுகிறது. ஜான்சியில் 1962ஆம் ஆண்டு நிறுவப்பட்ட இந்தியப் புல்வெளி மற்றும் தீவன ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய தீவனப் பயிர்களில் ஆய்வு நடத்தி வருகிறது. அக்டோபர், நவம்பரில் விதைத்துக் கதிர் பால்பிடிக்கும் பருவத்தில் அறுத்து உலர்த்திய ஓட்ஸ் புல்லைப் பல விற்பனையாளர்கள் இப்போது பொதியாக விற்கின்றனர். எங்கள் வீட்டில் பல ஆண்டுகளாக இதுவே பயன்பாட்டில் உள்ளது.

குதிரை மசால் எனப்படும் லூசர்ன், வடநாட்டில் பெர்சீம் எனப்படும் தீவனம் ஆகிய இரண்டும் பயறு இனத்தவை. புரதமும் கால்சியமும் மிகுந்தவை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளுக்கும், சினையுற்ற, பாலூட்டும் தாய்க்கும் இவற்றைத் தரலாம். வளர்ந்த பிராணிக்கு நாள்தோறும் தந்தால் சிறுநீர்ப்பையில் கல் உருவாக ஏதுவாகும். விலை மலிவு என்பதற்காக இவற்றை முதன்மை உணவாக்குதல் கூடாது.

உலர்புல்லை வாங்கும்போது கண்ணும் மூக்குமே போதிய கருவிகள். பசுமை கலந்த நிறம், புதுப்புல்லின் மணம், கையில் எடுத்தால் தூசி பறவாமை ஆகியன நல்ல புல்லின் அடையாளங்கள். கருப்புப் புள்ளி, வெண்பூஞ்சை, புழுங்கிய நாற்றம் இருப்பின் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். பூஞ்சைபிடித்த புல் நுரையீரலையும் குடலையும் ஒருசேரக் கெடுக்கும்.

வைட்டமின் சி: ஒரு பழைய பாடம்

மருத்துவர் குறிப்பிட்ட இரண்டாம் குறை வைட்டமின் சி. நாய், பூனை, எலி, முயல் ஆகியன தம் உடலிலேயே இந்தச் சத்தை ஆக்கிக்கொள்கின்றன. மனிதருக்கும் கினிப்பன்றிக்கும் அந்தத் திறன் இல்லை.

இதனை உலகுக்குக் காட்டியதே கினிப்பன்றிதான். 1907ஆம் ஆண்டு நார்வேயில் ஆக்செல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃபிரோலிக் என்னும் இரு மருத்துவ அறிஞர்கள் கப்பல் மாலுமிகளைத் தாக்கிய நோயை ஆராய்ந்தனர். கினிப்பன்றிகளுக்குத் தானியத்தையும் ரொட்டியையும் மட்டும் கொடுத்தபோது அவற்றுக்கு ஸ்கர்வி நோய் வந்தது. புதிய முட்டைக்கோஸையும் எலுமிச்சைச் சாற்றையும் சேர்த்தபோது நோய் தடுக்கப்பட்டது. அந்தச் சத்து எதுவெனத் தெளிவானது 1930களில்தான்; அவ்வாராய்ச்சியில் பெரும்பங்கு வகித்த ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி 1937இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்றார்.

தானியம் மட்டும் உண்ட கினிப்பன்றி நோயுறும் என்பது நூறாண்டுகளுக்கு முன்பே அறியப்பட்ட உண்மை. நாங்கள் அறியாமல் நான்கு மாதம் எங்கள் வீட்டில் நடத்தியதும் அதே சோதனையே.

ஒரு கிலோ எடையுள்ள வளர்ந்த கினிப்பன்றிக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வைட்டமின் சி தேவை. சினையுற்றதற்கும் நோயுற்றதற்கும் கூடுதலாகத் தேவைப்படும். இதற்கு விலையுயர்ந்த மருந்து வேண்டியதில்லை. 100 கிராம் பச்சைக் குடைமிளகாயில் குறைந்தது 80 மில்லிகிராம் அளவு இச்சத்து உண்டு. எனவே 25 கிராம் துண்டு ஒன்றே ஒரு நாளைக்குப் போதும். கொய்யாவில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 200 மில்லிகிராம் இருக்கிறது. நெல்லிக்காயில் அதனினும் மிகுதி. கொய்யாவில் சர்க்கரையும் இருப்பதால் வாரம் இருமுறை மெல்லிய கீற்று போதும். நெல்லியின் துவர்ப்பைச் சில பிராணிகள் ஏற்பதில்லை. ஒரு சிறு சீவலைக் கொடுத்துப் பார்க்கலாம்.

தண்ணீரில் கலக்கும் வைட்டமின் சொட்டு மருந்தைக் கடைகளில் பரிந்துரைப்பார்கள். ஒளிபட்டதும் அதன் ஆற்றல் விரைவில் குறைகிறது. மேலும் தண்ணீரின் சுவை மாறுவதால் பிராணி குடிப்பதையே குறைத்துக்கொள்ளக் கூடும். அந்தப் பணத்தைக் காய்கறிக் கடையில் செலவிடுவதே மேல்.

பையின் பின்புறத்தைப் படிக்கும் முறை

உலர்புல்லுக்குத் துணையாகப் பெல்லட் தீவனம் சிறிதளவு தரலாம். வளர்ந்த பிராணி ஒன்றுக்கு நாளொன்றுக்கு 15 முதல் 20 கிராம் வரை போதுமானது. பெல்லட்டில் எல்லாச் சத்தும் ஒரே குச்சியில் அடங்கியிருப்பதால் பொறுக்கித் தின்ன இயலாது. கலவை உணவைவிட அது மேலானதாவது இக்காரணத்தால்தான்.

கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் சிறிய எழுத்தில் உள்ளவற்றையும் படியுங்கள் என்று வாடிக்கையாளர்களிடம் நாங்கள் வலியுறுத்துவதுண்டு. தீவனப் பைக்கும் அது பொருந்தும். முன்புறத்தில் இருப்பது படம். செய்தி பின்புறத்தில் இருக்கிறது. பார்க்க வேண்டியவை ஐந்து.

முதலாவது, மூலப்பொருள் பட்டியலில் முதலிடத்தில் இருப்பது எது? புல் என்றிருந்தால் நன்று. மக்காச்சோளம் அல்லது கோதுமை என்றிருந்தால் தவிர்க்க வேண்டும். இரண்டாவது, நார்ச்சத்து நூற்றுக்கு 20க்குக் குறையாதிருத்தல் விரும்பத்தக்கது. மூன்றாவது, புரதம் நூற்றுக்கு 14 முதல் 18 வரை இருக்கலாம். வளர்ந்த பிராணிக்குக் கால்சியம் நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழாக இருக்க வேண்டும். நான்காவது, வைட்டமின் சி சேர்க்கப்பட்டிருப்பதாகத் தெளிவாக அச்சிடப்பட்டிருக்க வேண்டும். முயலுக்கான தீவனத்தில் இச்சத்து சேர்ப்பதில்லை. இரண்டும் ஒன்றே என்று கடையில் கூறினால் ஏற்க வேண்டாம். ஐந்தாவது, உற்பத்தி நாள்.

ஐந்தாவதுதான் பணத்தோடு நேரடித் தொடர்புடையது. தீவனத்தில் சேர்த்த வைட்டமின் சி நாளாக ஆகக் குறைந்துகொண்டே வரும். நிலைப்படுத்தப்படாத வகையாயின் 90 நாள்களில் பாதியளவு வரை இழப்பு ஏற்படக்கூடும். வெப்பமும் ஈரமும் மிகுந்தால் இழப்பும் மிகும். ஆகவே, பெரிய பையாக வாங்கினால் கிலோவுக்கு விலை குறைவு என்னும் கணக்கு இங்கே பயன்படாது. பத்துக் கிலோப் பை தீர எட்டு மாதமாகும். பின்பாதியில் பிராணி உண்பது வைட்டமின் போன தீவனம். கடைக்காரர் மூட்டையிலிருந்து அள்ளி, நாள் குறிக்காத கண்ணாடிப் பையில் கட்டித் தருவதையும் இதே காரணத்தால் தவிர்க்க வேண்டும்.

உலர்புல்லின் நிலை வேறு. ஈரம் படாமல் வைத்தால் அது பல மாதம் கெடாது. எனவே புல்லை மொத்தமாகவும் பெல்லட்டைச் சிறு பையாகவும் வாங்குவதே சிக்கனம். புல் எடைக்கு மீறி இடம் அடைப்பதால் அனுப்பும் கட்டணம் கூடுதலாகும். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரே பொதியாக வரவழைத்தால் அந்தக் கட்டணமும் பகிர்ந்துபோகும்.

மாதக் கணக்கு

இரண்டு வளர்ந்த கினிப்பன்றிகளுக்கான மாதச் செலவை ஓர் உதாரணமாகக் கணக்கிடுவோம். இங்கே கூறும் விலைகள் கணக்குக்காக நாங்கள் வைத்துக்கொண்டவை; வாசகர்கள் தத்தம் ஊர் விலையைப் பொருத்திப் பார்க்க வேண்டும்.

முதல் முறை: தானியக் கலவை. நாளொன்றுக்கு 80 கிராம், மாதம் 2.4 கிலோ, கிலோ ரூ. 250 என்றால் ரூ. 600. இதனுடன் தின்பண்டக் குச்சி, வண்ண பிஸ்கட், வைட்டமின் சொட்டு ஆகியவற்றுக்கு ரூ. 400. உப்புக்கட்டிக்கு ரூ. 100. மொத்தம் ரூ. 1,100.

இரண்டாம் முறை: ஓட்ஸ் உலர்புல், சிந்துவது உட்பட நாளொன்றுக்கு 100 கிராம், மாதம் 3 கிலோ, கிலோ ரூ. 200 என்றால் ரூ. 600. பெல்லட் நாளொன்றுக்கு 40 கிராம், மாதம் 1.2 கிலோ, கிலோ ரூ. 350 என்றால் ரூ. 420. கீரையும் குடைமிளகாயும் நாளொன்றுக்குப் பத்து ரூபாய், மாதம் ரூ. 300. மொத்தம் ரூ. 1,320.

நல்ல உணவுக்கு மாதம் ரூ. 220 கூடுதல், ஆண்டுக்கு ரூ. 2,640. எங்கள் ஒரு வார மருத்துவச் செலவோ ரூ. 6,400. இரண்டு ஆண்டுகளில் மிச்சப்படுத்தியிருக்கக்கூடிய தொகையைவிட அது மிகுதி. பிராணி பட்ட வலி இந்தக் கணக்கில் சேரவில்லை.

இறக்குமதிப் புல்லைக் கிலோ ரூ. 500 கொடுத்து வாங்கினால் புல்லுக்கு மட்டும் ரூ. 1,500 ஆகும். உள்நாட்டு ஓட்ஸ் புல்லால் மாதம் ரூ. 900 மிச்சம். உப்புக்கட்டி, தயிர்மிட்டாய், விதைக்குச்சி ஆகியவற்றுக்குத் தேவையே இல்லை. தரத்தைக் குறைக்காமல் செலவைக் குறைக்க வழிகள் இவையே.

விலையின்றிக் கிடைப்பவை

புனேயில் பூக்காரர்கள் விநாயகர் வழிபாட்டுக்காக அருகம்புல்லைக் கட்டுக் கட்டாக விற்பார்கள். அங்கே அதனைத் தூர்வா என்பர். நன்கு கழுவி நீர் வடித்தால் கினிப்பன்றிக்கு அது நல்ல விருந்து. எங்கள் பூக்காரப் பெண்மணி மாலையில் எஞ்சிய கட்டுகளைச் சொற்ப விலைக்குத் தந்துவிடுவார். சோளக்கதிர் விற்பவரிடம் மக்காச்சோளத்தின் பச்சைத் தோகை இலவசமாகக் கிடைக்கும். காய்கறிக் கடையில் ஒடித்துப் போடும் முள்ளங்கித் தழை, காலிபிளவர் இலை ஆகியவற்றையும் அளவோடு தரலாம். வீட்டில் தட்டில் கோதுமையை விதைத்தால் எட்டுப் பத்து நாளில் இளம்புல் ஒரு சாண் வளரும். அடியில் பூஞ்சை கண்டால் எறிந்துவிட வேண்டும்.

இவ்வாறு கிடைக்கும் பசும்புல் உலர்புல்லில் மூன்றில் ஒரு பங்கை ஈடுசெய்யுமாயின், புல்லின் செலவு ரூ. 400 ஆகவும், கீரைச் செலவு ரூ. 200 ஆகவும் குறையும். பெல்லட்டையும் சேர்த்து மொத்தம் ரூ. 1,020. தானியக் கலவையைவிட இது குறைவு.

சில எச்சரிக்கைகள் தேவை. சாலையோரப் புல், பூச்சிமருந்து தெளித்த புல், நாய்கள் நடமாடும் இடத்துப் புல் ஆகியன வேண்டாம். புல்வெட்டும் இயந்திரம் அரைத்துத் தள்ளிய புல் விரைவில் புளித்துவிடும், அதுவும் வேண்டாம். பாலக்கீரை, முருங்கைக்கீரை ஆகியவற்றை எப்போதாவது சிறிதளவு தரலாம், நாள்தோறும் தரலாகாது. கேரட்டில் சர்க்கரை உண்டு. வாரம் ஒருமுறை ஒரு துண்டு போதும். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, சப்பாத்தி, சோறு, பால், பிஸ்கட், ஊறாத பயறு வகைகள் ஆகியவற்றை அறவே தவிர்க்க வேண்டும். விருந்தினர் வீட்டுக்கு வரும்போது இதைச் சொல்லிவைப்பது நல்லது. அன்பினால் ஊட்டப்படும் ஒரு பிஸ்கட்டும் வயிற்றைக் கெடுக்கும்.

ஆண்டிஸ் மலையையே தாயகமாகக் கொண்ட மற்றொரு சிறு பிராணி சின்சில்லா. அதை வளர்ப்போருக்கும் உலர்புல்லே முதல் என்னும் விதி பொருந்தும். ஆயினும் நீர்ச்சத்து மிகுந்த காய்கறிகளையும் பழங்களையும் அதன் குடல் தாங்காது. அன்றியும் 25 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பம் அதற்கு ஆபத்து என்பதால், நம் நாட்டில் அதன் உணவைவிடக் குளிர்சாதனத்துக்கான மின்கட்டணமே பெருஞ்செலவாகும். வாங்குமுன் அதனையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

மாற்றமும் கண்காணிப்பும்

இப்போது தானியக் கலவை கொடுத்து வருவோர் ஒரே நாளில் நிறுத்திவிடக் கூடாது. குடலில் வாழும் நுண்ணுயிர்கள் புதிய உணவுக்குப் பழக வேண்டும். உலர்புல்லை உடனே அளவின்றி வைத்து, கலவையைப் பத்து நாள்களில் சிறிது சிறிதாகக் குறைத்துப் பெல்லட்டுக்கு மாற்றலாம். கீரை வகைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகவே அறிமுகப்படுத்த வேண்டும்.

மழைக்காலத்தில் உலர்புல்லைக் காப்பது ஒரு தனிப் பணி. காற்றுப்புகும் துணிப்பையிலோ அட்டைப் பெட்டியிலோ இட்டு, தரையில் படாமல் உயரத்தில் வைக்க வேண்டும். ஈரம் சிறிதும் இருக்கும்போது பிளாஸ்டிக் பையில் கட்டினால் பூஞ்சை உறுதி. வெயில் தென்படும் நாளில் ஒரு மணி நேரம் உலர்த்தி எடுப்பது எங்கள் வழக்கம்.

வாரந்தோறும் ஒரே நாளில் சமையலறைத் தராசில் எடைபார்த்துக் குறித்து வையுங்கள். எங்கள் வீட்டில் இதற்கென்று ஒரு குறிப்பேடு உள்ளது. பிள்ளைகள் அதனைப் 'பாஸ்புக்' என்பர். வளர்ந்த கினிப்பன்றி 700 கிராம் முதல் 1,200 கிராம் வரை இருக்கும். ஒரு வாரத்தில் 50 கிராமுக்கு மேல் குறைந்தால் கவனிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியுமுன் தராசுக்குத் தெரிந்துவிடும். எச்சில் வடிதல், நடக்கத் தயங்குதல், மூட்டு வீங்குதல், புழுக்கை சிறுத்தல், அரை நாள் உண்ணாமை ஆகியவற்றுள் எது தென்பட்டாலும் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். வீட்டில் உள்ள மனித மருந்துகளைக் கொடுக்கவே கூடாது. பென்சிலின், அமாக்சிசிலின் போன்ற மருந்துகள் வாய்வழி சென்றால் கினிப்பன்றிக்கு உயிராபத்து. பெருநகரங்களில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகளில் பொதுவாகக் கட்டணம் குறைவு. சிறு பிராணிகளைப் பார்ப்பார்களா என்று முன்கூட்டியே விசாரித்து, எண்ணைக் குறித்து வைத்துக்கொள்வது நெருக்கடியில் உதவும்.

வாங்குமுன் எண்ண வேண்டியது

கினிப்பன்றி ஐந்து முதல் எட்டு ஆண்டு வாழும். தனிமை அதற்கு ஒவ்வாது என்பதால் இரண்டாகவே வளர்க்க வேண்டும். மாதம் ரூ. 1,320 என்று கொண்டால் ஆண்டுக்கு ரூ. 15,840, ஆறு ஆண்டுகளுக்கு ரூ. 95,040. கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் குட்டிகளுக்குப் பின்னால் இவ்வளவு பொறுப்பு நிற்கிறது. பிள்ளைகளுடன் அமர்ந்து இக்கணக்கைப் போட்டுப் பார்த்தபின் முடிவெடுப்பது, பிராணிக்கும் பிள்ளைகளுக்கும் நன்மை தரும். மருத்துவச் செலவுக்கென மாதம் ரூ. 500 தொடர் வைப்பில் இட்டுவந்தால் ஆண்டுக்கு ரூ. 6,000 சேரும், நோய் வரும் நாளில் பணத்துக்காகத் தயங்கி நிற்க வேண்டிய நிலை வராது. நாங்கள் தாமதித்த அந்த இரண்டு நாள்களில் ஒரு பங்கு, செலவை எண்ணிய தயக்கமும்தான் என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

வெள்ளையும் பழுப்பும் கலந்த எங்கள் கினிப்பன்றிக்கு இப்போது ஐந்து வயது. காலையில் புல்கூடையின் சரசரப்புக் கேட்டதும் இரண்டும் கூண்டின் முன்புறம் வந்து குரல் கொடுக்கின்றன. பல்லில் குறை உள்ளது சற்று மெதுவாக மெல்லும். அதற்காகக் கூடுதலாக ஒரு பிடிப் புல்லைத் தனியே வைக்கிறோம்.